ஆள் அளவு: பூஜ்யம்

அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவு, விருதுநகர்



இந்த மேடையில் எனக்கு முன்பு பேசியவர்கள் கவிஞர்கள், நாவலாசிரியர்கள், பேராசிரியர்கள். நான் தீயணைப்புத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாழ்நாளில் நான் எழுதியதெல்லாம் சம்பவ அறிக்கைகள். "இலக்கிய மேடைக்கு நான் எதற்கு?" என்று கேட்டேன். "பார்த்ததைச் சொல்லுங்கள், போதும்" என்றார்கள் தோழர்கள். பார்த்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அது மூச்சைப் பற்றியது.

பல ஆண்டுகளுக்கு முன்பு, நம் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன என்பதால் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. மத்தியான வேளையில் அழைப்பு வந்தது. ஒரு கட்டடத்தின் செப்டிக் டேங்கில் இறங்கியவர் விழுந்துவிட்டார். அவரைத் தூக்க இறங்கிய இன்னொருவரும் மேலே வரவில்லை. வண்டியில் பி.ஏ. செட் இருந்தது. முதுகில் காற்று சிலிண்டரை மாட்டி, முகத்தில் கவசம் போட்டு, அதிலிருந்து மூச்சு இழுக்கிற கருவி அது. மாட்டிக்கொண்டு போனால், தொட்டியின் வாய் வழியாக நான் நுழைய முடியவில்லை. கடப்பாரையால் சிலாப்பை உடைத்த பிறகுதான் இறங்கினேன். உள்ளே எனக்கு நல்ல காற்று வந்தது. ரப்பர் வாசனையைத் தவிர வேறு எந்த நாற்றமும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரையும் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினேன். இருவரும் எப்போதோ போய்விட்டிருந்தார்கள்.

வெளியே வந்து கவசத்தைக் கழற்றினேன். முதலில் இறங்கியவருடைய மனைவி என் முதுகில் இருந்த சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஏண்ணே, இதெ மொதல்ல எறங்குன மனுசனுக்குக் குடுத்திருக்கக் கூடாதாண்ணே?"

நான் பதில் சொல்லவில்லை. எங்கள் வேலை உடலை எடுப்பதோடு முடிந்தது. அறிக்கையில் நேரம் எழுதினேன், ஆட்களின் எண்ணிக்கை எழுதினேன், பயன்படுத்திய கருவிகள் எழுதினேன். அந்தக் கேள்வியை எழுத அதில் கட்டம் இல்லை. உயிரோடு இறங்கியவருக்குக் கிடைக்காத காற்று, அவருடைய உடலை எடுக்கப் போன எனக்குக் கிடைத்தது. அது ஏன் என்று அன்று முதல் யோசித்து வருகிறேன். இன்று பேசப்போவது அந்தத் தங்கச்சிக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்.

மறுநாள் பத்திரிகையில் செய்தி வந்தது: விஷவாயு தாக்கி இருவர் பலி. இந்த வாக்கியத்தை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். ஊரும் எண்ணிக்கையும் மாறும், வாக்கியம் மாறாது. நீங்கள் எழுதுகிறவர்கள். இந்த வாக்கியத்தில் எழுவாய் யார் என்று பாருங்கள். வாயுதான் தாக்குகிறது. இறங்கச் சொன்னவர் இல்லை, கூலி பேசியவர் இல்லை, கருவி தராதவர் இல்லை. வாயு யாரையும் தேடி வந்து தாக்குவதில்லை. அது குழிக்குள் தன் பாட்டுக்கு இருந்தது. மனிதனைத்தான் அதற்குள் அனுப்பினார்கள்.

அந்த வாயு என்ன என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். நாம் இப்போது இந்த அரங்கில் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 20.9 விழுக்காடு. அது 19.5க்குக் கீழே போனாலே அங்கே சாதாரணமாக வேலை செய்யக் கூடாது என்பது பாதுகாப்புக் கணக்கு. பத்துக்குப் பக்கத்தில் வந்தால் மனிதன் நினைவிழப்பான். ஆறுக்குப் போனால் சில நிமிடங்களில் உயிர் போகும். மூடிக் கிடக்கும் மலக்குழியில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அந்த இடத்தில் மீத்தேன் சேர்கிறது, கரியமில வாயு சேர்கிறது, அழுகிய முட்டை நாற்றம் கொண்ட ஹைட்ரஜன் சல்பைடு சேர்கிறது.

இந்த ஹைட்ரஜன் சல்பைடைப் பற்றி ஒரு விஷயம் அவசியம் தெரிய வேண்டும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே மூக்குக்கு நாற்றம் தெரிந்துவிடும். நூறு பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிருச்சு, இனி இறங்கலாம்" என்று நம் ஆட்கள் சொல்வார்கள். சில நேரம் நாற்றம் போனதுதான் சாவின் அறிகுறி. ஐந்நூறு, அறுநூறு பங்கு வந்தால் சில நிமிடங்களில் ஆள் சரிவான். ஆயிரத்தை நெருங்கினால் இரண்டு மூன்று மூச்சிலேயே முடிந்துவிடும். மேலே நின்று பார்க்கும்போது எதுவும் இருக்காது. உள்ளே இறங்கி அடியில் கெட்டியாகக் கிடக்கும் சகதியைக் கலக்கும்போது, அதற்குள் அடைபட்டிருந்த வாயு மொத்தமாக எழும்பும்.

கிணற்றுக்குள் விளக்கை இறக்கிப் பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் இல்லை என்று அர்த்தம். செப்டிக் டேங்கில் இந்தச் சோதனை கூடவே கூடாது. மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை காற்றில் கலந்திருந்தால் தீ பட்டதும் வெடிக்கும். அதோடு, விளக்கு அணையாமல் நின்று எரிகிற இடத்திலும் ஆளைக் கொல்லும் அளவுக்கு ஹைட்ரஜன் சல்பைடு இருக்க முடியும்.

இனி கருவிக்கு வருகிறேன். முகமூடி வேறு, காற்று கொடுக்கும் கருவி வேறு. பட்டாசு ஆபீசில் மருந்து கலக்கிறவர் மூக்கில் துண்டு கட்டுகிறார். துண்டுக்குப் பதிலாக நல்ல தூசி முகமூடி கொடுத்தால் அலுமினியப் பொடியும் கந்தகப் பொடியும் நெஞ்சுக்குள் போவது குறையும். ஆனால் எவ்வளவு நல்ல தூசி முகமூடியும் வாயுவைத் தடுக்காது. வாயுவை வடிக்கும் குப்பி பொருத்திய முகமூடியும் உண்டு. அதுகூட இருக்கிற காற்றைத்தான் வடித்துத் தரும், இல்லாத ஆக்சிஜனை உண்டாக்காது. ஆகவே செப்டிக் டேங்கில் முகமூடி போட்டு இறங்குவதும் போடாமல் இறங்குவதும் ஏறத்தாழ ஒன்றுதான். அங்கே வேண்டியது, வெளியிலிருந்து வரும் காற்று.

அது இரண்டு வகை. ஒன்று, நான் முதுகில் மாட்டிய பி.ஏ. செட். 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்தால் 1800 லிட்டர் காற்று. வேலை செய்கிறவர் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுத்தால் 45 நிமிடம் வரும். தீரப்போகும்போது விசில் அடிக்கும். இரண்டாவது, ஏர்லைன். மேலே நல்ல காற்றுள்ள இடத்தில் கம்ப்ரசரோ பெரிய சிலிண்டர்களோ இருக்கும். அங்கிருந்து ஒரு குழாய் வழியே இறங்கியவரின் கவசத்துக்குக் காற்று வந்துகொண்டே இருக்கும். முதுகில் பாரம் இல்லாததால் குறுகிய வாயில் நுழையலாம். குழாய் அறுந்தால் தப்பி வர இடுப்பில் ஒரு சின்ன சிலிண்டர் இருக்கும். கம்ப்ரசர் காற்றை இழுக்கும் இடத்தில் லாரிப் புகை இருக்கக் கூடாது, இருந்தால் குழாய் வழியாகவே நஞ்சு போய்ச் சேரும். அதனால் மேலே ஒருவர் அதையே கவனித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

பத்திரிகைகள் இவற்றை ஆக்சிஜன் சிலிண்டர் என்று எழுதுகின்றன. இவற்றில் இருப்பது அழுத்திய சாதாரணக் காற்று. மருத்துவமனை ஆக்சிஜனை மீத்தேன் உள்ள குழிக்குள் திறந்துவிட்டால் தீக்கு வழி செய்ததாகும். இந்த வித்தியாசம் தெரியாமல் யாராவது நல்ல மனதோடு ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்துக்கொண்டு ஓடிவரக் கூடும் என்பதால் சொல்கிறேன்.

இவை நேற்று வந்த கருவிகளா? ஹென்றி ஃப்ளூஸ் என்ற ஆங்கிலேயர் மூச்சுக் கருவியை உருவாக்கியது 1878இல். 1895இல் லண்டனை ஒட்டிய ஈஸ்ட் ஹாமில் சாக்கடைக்குள் ஒருவர் விழ, காப்பாற்ற இறங்கியவர்களும் சேர்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆராய்ந்து, காரணம் ஹைட்ரஜன் சல்பைடு என்று சொன்னார். அதே ஹால்டேன்தான் நச்சு வாயுவைக் கண்டறியச் சுரங்கங்களுக்குள் சின்னப் பறவைகளைக் கொண்டுபோகச் சொன்னவர். மான்செஸ்டர் அருங்காட்சியகம் ஒன்றில் அப்படி ஒரு பறவைக் கூண்டு இருக்கிறது. கூண்டின் மேல் ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர். மயங்கிய பறவையை மறுபடி பிழைக்க வைப்பதற்காக அது. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1939இலேயே நிலக்கரிச் சுரங்க மீட்பு விதிகள் வந்தன. மூச்சுக் கருவியும் பயிற்சி பெற்ற ஆட்களும் கொண்ட மீட்பு நிலையங்கள் ஏற்பட்டன. இன்று நாம் நினைவுகூரும் அண்ணல் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர். 1943 டிசம்பரில் தன்பாத் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார். பூமிக்கு அடியில் இறங்கி, வேலை நடக்கும் இடத்தையே பார்த்தார். சட்டம் செய்யும் இடத்தில் இருந்த ஒருவர், தொழிலாளி மூச்சு விடும் இடத்துக்குத் தானே இறங்கிப் பார்த்த நாள் அது. சுரங்கத்தில் கரி கிடைத்தது, கரியில் ரயில் ஓடியது. அந்த ஆளின் மூச்சுக்கு ஏதோ ஒரு விலை இருந்தது. மலக்குழியிலிருந்து யாருக்கும் லாபம் வருவதில்லை. அங்கே இறங்குவதற்கென்று ஒரு சாதியை வைத்திருந்ததால், கருவி வாங்கும் தேவையும் வரவில்லை. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024 வரை விவரம் திரட்டப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அந்தத் தங்கச்சிக்கு என் பதிலின் முதல் பாதி இது.

மறுபாதி சட்டத்தில் இருக்கிறது. கையால் மலம் அள்ளுவோர் பணியமர்த்தத் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம் 2013ஆம் ஆண்டு வந்தது. நடைமுறைக்கு வந்த நாள் 2013 டிசம்பர் 6, அண்ணலின் நினைவு நாள். அதன் 7ஆம் பிரிவு சாக்கடையிலும் மலக்குழியிலும் அபாயகரமான துப்புரவுக்கு ஆளை அமர்த்துவதைத் தடை செய்கிறது. முதல் தடவைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பிணையில் விட முடியாத குற்றம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அபாயகரமான துப்புரவு என்றால் என்ன என்று அதே சட்டம் சொல்வதைப் பாருங்கள். பாதுகாப்புக் கருவிகள் கொடுக்காமல், பாதுகாப்பு நடவடிக்கைகளை உறுதி செய்யாமல் ஆளை வைத்துச் சுத்தம் செய்வதுதான் அபாயகரமான துப்புரவாம். அப்படியானால் கருவி கொடுத்துவிட்டு இறக்கினால்? அது சட்டத்தின் கண்ணில் வேறு. 2013ஆம் ஆண்டு விதிகளின் கருவிப் பட்டியலில் நான் சொன்ன ஏர்லைன் மூச்சுக் கருவியும் இருக்கிறது, வாயு அளக்கும் கருவியும் இருக்கிறது. அதே விதிகளில் ஆளை இறக்க விதிவிலக்குகளும் இருக்கின்றன. கழிவுநீர்க் கிணற்றின் அடியில் உள்ள மூழ்கு மோட்டாரை எடுப்பது அதில் ஒன்று. "மிகவும் அவசியம்" என்று அதிகாரி எழுத்தில் காரணம் காட்டி அனுமதிப்பது இன்னொன்று.

2022 ஏப்ரல் 21 இரவு, மதுரை நேரு நகர் கழிவுநீர் உந்து நிலையத்தில் மோட்டார் வேலைக்குப் போன மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒருவர் உள்ளே விழ, மற்ற இருவர் காப்பாற்றப் போனவர்கள். இந்த அரங்கிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான் அந்த இடம். மோட்டார் பழுதாவது எதிர்பாராத சம்பவம் இல்லை. மோட்டார் என்றால் ஒரு நாள் பழுதாகும். ஆள் இறங்காமலே மேலே தூக்கும்படி அதைப் பொருத்த முடியும். அப்படிச் செய்யாமல் விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறோம்.

ஆகவே கருவியைப் பற்றி நம்மிடம் இரண்டு எச்சரிக்கை வேண்டும். கருவி இல்லாமல் ஆளை இறக்குவது கொலை. கருவி இருக்கிறது என்பதைக் காட்டி ஆளை இறக்குவது சாதிக்குச் சட்ட அனுமதி. முப்பது ஆண்டுகள் இந்தக் கருவியை மாட்டியவன் சொல்கிறேன்: இது பயிற்சி பெற்றவருக்கு மட்டுமே பயன்படும். தாடி இருந்தால்கூடக் கவசம் முகத்தில் சரியாகப் படியாது, இடுக்கு வழியே வாயு நுழையும். நாள் கூலிக்கு வந்தவரிடம் ஒரு முறை மாட்டிக் காட்டிவிட்டு, படம் எடுத்துக் கோப்பில் வைத்துவிட்டு இறக்கினால், அந்தக் கருவி அவருடைய உயிரைக் காக்காது. இறக்கியவரைத்தான் காக்கும்.

அப்படியானால் இந்தக் கருவி எதற்கு? மீட்புக்கு. ஏற்கெனவே உள்ளே விழுந்துவிட்டவரை எடுப்பதற்கு. 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெமிலியில் ஒரு செப்டிக் டேங்கில் ஆறு பேர் போனார்கள். 2020 ஜூலையில் தூத்துக்குடி மாவட்டம் கீழச்செக்காரக்குடியில் நான்கு பேர். ஒருவர் விழுந்ததும் அடுத்தவர் குதிக்கிறார். தம்பி அண்ணனுக்காகக் குதிக்கிறார், மகன் அப்பனுக்காகக் குதிக்கிறார். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தை இந்த மாவட்டம் மறக்காது. ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். முதல் தீயைப் பார்த்து உதவிக்கு ஓடி வந்த பக்கத்து ஊர்க்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். நம் மக்கள் ஓடிவருகிற மக்கள். அந்தக் குணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பயன்படுத்திக்கொண்டு, மீட்புக்கு எந்த ஏற்பாடும் செய்யாமல் இருப்பவர்களைக் குறை சொல்வேன்.

மேலிருந்தபடியே ஆளைத் தூக்கும் முக்காலி இருக்கிறது. உடம்பில் கவசப் பட்டை, அதில் கயிறு, மேலே கப்பி. இறங்கியவர் சரிந்தால் இன்னொருவர் இறங்காமலே தூக்கிவிடலாம். உள்ளே போயே ஆக வேண்டும் என்றால் பி.ஏ. செட் போட்ட, பயிற்சி பெற்ற மீட்பு வீரர் மட்டும் போக வேண்டும். சுத்தம் செய்வதற்கு ஆள் வேண்டவே வேண்டாம். உறிஞ்சும் லாரி இருக்கிறது. கேரள இளைஞர்கள் செய்த பாண்டிகூட் என்ற இயந்திரம் 2018இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. செப்டிக் டேங்கின் அடிச் சகதியைக் கலக்கி எடுக்க ஹோமோசெப் என்ற இயந்திரத்தைச் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கியது.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் புதிதாக எதையும் கற்றுத்தரத் தேவையில்லை. பட்டாசு ஆலையில் ஒவ்வொரு அறைக்கும் கணக்கு உண்டு. இந்த அறையில் இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்று சுவரில் எழுதியிருக்கும். அந்த எழுத்தை மீறும்போது என்ன நடக்கிறது என்று நம் ஒவ்வொரு தெருவுக்கும் தெரியும். மீறினால் ஆய்வு வரும், உரிமம் ரத்தாகும், வழக்கு வரும். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு அறைக்குள் எத்தனை உயிர் போகலாம் என்பது கணக்கு வைக்க வேண்டிய விஷயம் என்று இங்கே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது.

அந்தக் கணக்கை மலக்குழிக்கும் எழுதுவோம் என்பதுதான் என் கோரிக்கை. வீடு கட்ட வரைபட அனுமதி கொடுக்கும்போதே, ஆள் இறங்காமல் உறிஞ்சி எடுக்கும்படி செப்டிக் டேங்க் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளி, மண்டபம், ஆலை, அடுக்குமாடி என்று எல்லாவற்றின் தொட்டி மூடியிலும் பெயின்டில் எழுத வேண்டும்: ஆள் அளவு பூஜ்யம். யாராவது விழுந்துவிட்டால் கூப்பிட வேண்டிய எண்ணையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்திலும் குறுகிய வாய்க்குள் போகும் ஏர்லைனும் முக்காலியும் வாயு அளக்கும் கருவியும் இருக்க வேண்டும். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆறு பெருநகரங்களில் ஆளை இறக்கக் கூடாது என்றது. அதில் சென்னை இருக்கிறது. சாத்தூரிலும் திருச்சுழியிலும் இறங்குகிறவருக்கும் அதே நுரையீரல்தான்.

சாவுக்குப் பிறகு நீதிமன்றம் தந்த உரிமையையும் விட்டுவிடக் கூடாது. 1993 முதல் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் தீர்ப்பு வந்தது. 2023 அக்டோபரில் அது முப்பது லட்சமாக உயர்ந்தது. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளில் 1993 முதலான சாவுகளில் தமிழ்நாடு 200ஐத் தாண்டி முதலிடத்தில் நின்றது. பட்டியலில் சேராத பெயர்களைச் சேர்க்க வைப்பது நம்மைப் போன்ற அமைப்புகளின் வேலை.

கடைசியாக எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்த பாமா 1992இல் 'கருக்கு' எழுதியபோது, நம் தெருப் பேச்சு அச்சில் ஏறியது. அதற்குப் பிறகு நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதிய வாக்கியங்களை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஏன் இன்னும் விட்டு வைத்திருக்கிறோம்? இனி நம் பத்திரிகையில், நம் துண்டறிக்கையில், நம் இரங்கல் கூட்டத்தில் "விஷவாயு தாக்கி" என்று எழுத வேண்டாம். காற்றுக்கு ஏற்பாடு செய்யாமல் இன்னார் இறக்கினார், இறங்கியவர் இறந்தார் என்று எழுதுவோம். எழுவாய் அதன் இடத்துக்கு வரட்டும். காவல் நிலையத்தில் புகார் எழுதும்போதும் அப்படியே எழுதுவோம். புகாரின் முதல் வாக்கியம் எப்படி இருக்கிறதோ, வழக்கும் அந்த வழியில்தான் போகும்.

அந்தத் தங்கச்சி கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். குடுத்திருக்கலாம் தாயி. அதைவிட, உன் வீட்டுக்காரரை இறக்காமலே இருந்திருக்கலாம். ரெண்டுக்கும் வழி இருந்துச்சு. அன்னைக்கு அதை நான் வாய் திறந்து சொல்லாமப் போயிட்டேன்.